மார்கழி போதாத மரம்

அன்புள்ள சித்திக்கு,

உல்சானில் மார்ச் முடியப் போகிறது. இலை ஒன்றுகூட விடாத மொட்டை மரங்களில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைப் பூக்கள். கொரியர்கள் மொங்னியோன் என்பார்கள், மக்னோலியாதான். நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, "வரும்போது ஒரு கன்று எடுத்து வா, கிணற்றடியில் வைப்போம்" என்று எழுதியிருந்தீர்கள்.

பெட்டியில் ஒளித்துக் கொண்டுவர முடியாது. 2003ஆம் ஆண்டின் தாவரத் தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் நோயில்லை என்ற சான்றும் வேண்டும். அதெல்லாம் கிடைத்தாலும் நம் ஊர் வல்லக்கோட்டையில் அது பூக்காது. அடுத்த வசந்தத்துக்கான மொட்டை இந்தக் கோடையிலேயே கட்டிவிடும் மரம் இது. அந்த மொட்டு பூனைக்குட்டி மாதிரி மெத்தென்ற ரோமம் போர்த்திக்கொண்டு பனிக்காலம் முழுக்கக் காத்திருக்கும். வாரக்கணக்கில் குளிர் பட்டால்தான் அதற்கு விழிப்பு. நாம் குல்லாய் மாட்டிக்கொள்ளும் மார்கழியெல்லாம் அதற்குக் குளிரே இல்லை.

இங்கேயும் சும்மா வளர்வதில்லை. பூத்த பின் ஒரே ஒரு ராத்திரி உறைபனி விழுந்தால் போதும், காலையில் மரம் முழுக்கப் பழுப்பு. வேர் சதைப்பிடிப்பானது, வெட்டுப்பட்டால் ஆறாது; வைத்த கன்றை இடம் மாற்றக் கூடாது. கவாத்தும் பூ உதிர்ந்த கையோடு செய்யவேண்டும். குளிர்காலத்தில் கத்திரியை எடுத்தால் அந்த வருஷப் பூ கத்திரியோடு போச்சு.

கொரியாவின் மேற்குக் கரையில் சோல்லிபோ என்றொரு மரத்தோட்டம். அமெரிக்கக் கடற்படையோடு வந்து கொரியாவிலேயே தங்கிவிட்ட கார்ல் பெரிஸ் மில்லர், 1962இல் நிலம் வாங்கி, 1970லிருந்து மரம் வைத்தார். 1979இல் கொரியக் குடிமகனானார். நூற்றுக்கணக்கான மக்னோலியா வகைகள் அங்கே உண்டு. நம் ஒரகடம் பக்கம் வேலைக்கு வந்த கொரியர்களில் எவராவது இப்படி ஏரிக்கரையில் தோட்டம் போடுவாரா என்று யோசித்துப் பார்த்தேன். ஆசைதான்.

உங்களுக்கு வேண்டியது செண்பகம், சித்தி. அதுவும் மக்னோலியா பேரினம்தான். முன்பு மைக்கேலியா என்று தனியாக வைத்திருந்தார்கள். திருநாகேஸ்வரம் கோயிலில் தலமரமே அதுதான். குளிர் கேட்காது, ஆனால் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். கிணற்றடி வேண்டாம், கிழக்குச் சுவரோரம் மேடாக்கி வையுங்கள். முதல் இரண்டு கோடைக்கு ஓலை நிழல் கட்டுங்கள். நர்சரியில் ஒட்டுக்கன்றா என்று கேட்டு வாங்குங்கள். விதைக்கன்று பூக்க ஏழெட்டு வருஷம் ஆகும், ஒட்டு இரண்டு மூன்றில் பூத்துவிடும். சித்தப்பாவிடம் குழியை மட்டும் இப்போதே தோண்டி ஆறப்போடச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்