வேலை ஓடும்போது வரும் பேச்சு

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் குழுவுக்குப் பொறுப்பேற்பவர்கள் முதலில் கையில் எடுப்பது வெள்ளிக்கிழமை சாயங்காலக் கூட்டத்தைத்தான். தம்போலா, அந்தாக்‌ஷரி, வினாடி வினா. 2020 மார்ச் ஊரடங்கின்போது எங்கள் குழுவிலும் இதெல்லாம் நடந்தது. சில வாரங்கள் கலகலவென்று போகும். பிறகு ஒவ்வொரு கேமராவாக அணையும். கடைசியில் நடத்துகிறவர் மட்டும் பேசிக்கொண்டிருப்பார்.

இதற்கு ஆட்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நேரில் பேசும்போது ஒருவர் நிறுத்தி அடுத்தவர் தொடங்க ஆகும் இடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். பத்து மொழிகளை எடுத்துக்கொண்டு செய்த ஆய்வொன்று 2009இல் இதைக் காட்டியது. இணைய அழைப்பில் குரல் போய்ச் சேருவதற்குள்ளேயே அதில் பெரும்பகுதி கரைந்துவிடும். பத்துப் பேர் இருக்கும் அழைப்பில் இரண்டு பேர் ஒன்றாகத் தொடங்குவார்கள், இருவரும் நிறுத்துவார்கள், "நீங்க சொல்லுங்க", "இல்ல, நீங்க சொல்லுங்க" என்பதிலேயே சொல்ல வந்த கிண்டல் ஆறிப்போகும். இரண்டே பேர் என்றால் இந்தச் சிக்கல் பெரிதாகத் தெரிவதில்லை. கையில் ஒரு வேலையும் இருந்துவிட்டால் மௌனம்கூட உறுத்தாது.

நான் பார்ப்பது மென்பொருள் பராமரிப்பு வேலை. எங்கள் ஆட்கள் சென்னை, ஈரோடு, தஞ்சாவூர், நாகர்கோவில் என்று பரவியிருக்கிறார்கள். எங்களுக்குள் உறவு வளர்ந்தது பெரும்பாலும் ராத்திரி ரிலீஸ்களில்தான். டேட்டாபேஸ் ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கிவிட்டால் முக்கால் மணி நேரத்துக்குச் செய்ய ஒன்றும் இருக்காது, ஆனால் எழுந்தும் போக முடியாது. திரையில் லாக் வரிகள் ஏறிக்கொண்டே இருக்கும். அப்படி ஒரு ராத்திரி எங்கள் ஆட்கள் இருவர் பேசிக்கொண்டது:

"அக்கா, சாப்டாச்சா?"

"இன்னும் இல்ல தம்பி, பாப்பா இப்பத்தான் தூங்குனா."

பாப்பாவின் பல்வலியில் தொடங்கிய பேச்சு, தம்பியின் அப்பாவுக்கு நடக்கவிருக்கும் கண்புரை ஆபரேஷனுக்கு வந்தது. "வியாழக்கிழமை எனக்கு ஆன்-கால் இருக்குக்கா, அதான் யோசிக்கேன்." "அத நான் பாத்துக்கறேன் கண்ணு, நீ அப்பா கூட இரு." பொதுச் சேனலில் இதைக் கேட்டு அவன் ஒரு வரி டைப் செய்திருக்கவே மாட்டான். ஆகவே ரிலீஸுக்கு எப்போதும் இரண்டு பேரைப் போடுகிறேன். ஒருவர் போதுமே என்று மேலே கேட்பார்கள். வேலைக்கு ஒருவர் போதும்தான். ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தில் நடப்பதும் வேலையைச் சேர்ந்தது என்று நம்புகிறேன், கேட்கும்போதெல்லாம் அப்படியே சொல்லியும் வருகிறேன்.

வெறும் "ஹாய்" அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்கள் மீது பலருக்கும் எரிச்சல். விஷயத்தையும் சேர்த்து எழுது என்றுதான் எல்லாப் பயிற்சியிலும் சொல்லித் தருகிறார்கள். அவசரப் பிரச்சினைக்கு அது சரி. ஆனால் அந்த "ஹாய்" வாசலில் நின்று "உள்ளே வரலாமா" என்று கேட்பது போன்றது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள்தான் அதிகம் அனுப்புகிறார்கள். அதற்குப் பதிலாக நான் தட்டச்சு செய்வதில்லை, "சொல்லுப்பா" என்று நேரே கூப்பிட்டுவிடுகிறேன், கேமரா இல்லாமல், குரல் மட்டும். இரண்டு நிமிஷத்தில் சந்தேகம் தீரும். அதன் பிறகு அவன் என்னை "சார்" என்பதை விட்டு "அண்ணா" என்று அழைக்க அதிக நாள் ஆவதில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்கிறேன். சந்தேகத்தைத் தனிச் செய்தியில் கேட்டால், அதையே பொதுச் சேனலிலும் ஒருமுறை கேட்கச் சொல்வேன். எட்டு வருஷ அனுபவம் உள்ளவரும் "இந்த ஜாப் ஏன் ரெண்டு தடவ ஓடுது, யாருக்காவது தெரியுமா?" என்று எல்லோர் முன்னும் கேட்பதைப் புதியவர் பார்க்க வேண்டும். அலுவலகத்தில் பக்கத்து மேஜைப் பேச்சு காதில் விழும். வீட்டில் அதற்கு வழியில்லை.

குழுவுக்குள் இதெல்லாம் எப்படியோ நடந்துவிடுகிறது. அறுந்துபோவது குழுவுக்கு வெளியே இருக்கும் அரைகுறைப் பழக்கங்கள். மைக்ரோசாஃப்டின் அமெரிக்க ஊழியர்கள் 61,182 பேரின் தகவல் தொடர்பை 2020இன் முதல் பாதியில் கவனித்து, 2021இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்த்ததில் குழுக்கள் தமக்குள் சுருங்கின, குழுக்களுக்கு இடையிலான இணைப்புகள் குறைந்தன என்பது அதன் முடிவு. படித்ததும் எனக்கு நினைவு வந்தவர்கள் லிஃப்டில் மட்டும் பார்த்துச் சிரித்துக்கொள்ளும் டெஸ்டிங் குழு ஆட்கள். பெயர்கூடத் தெரியாது. ஆனால் ஒரு பக் விஷயத்தில் முட்டிக்கொள்ளும்போது அந்தச் சிரிப்பு கைகொடுக்கும். அதனால் மாதம் ஒருமுறையாவது எங்களில் ஒருவர் டெஸ்டிங் குழுவில் ஒருவரோடு சேர்ந்து உட்கார்ந்து பழைய டிக்கெட்டுகளை அலசுகிறார். பாதி நேரம் ஊர்க்கதை ஓடும். ஓடட்டும்.

இவ்வளவு செய்தாலும் நேரில் பார்ப்பதற்கு ஈடு கிடையாது. வருஷத்துக்கு ஒருமுறை எல்லோரையும் சென்னைக்கு வரவழைக்கும்போது, ஏசி ஹாலில் உட்கார வைத்து ஸ்லைடு காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஸ்லைடை வீட்டிலிருந்தே பார்க்கலாம். சாப்பாட்டு நேரத்தைத் தாராளமாக வைத்து, மத்தியானத்தைக் காலியாக விட்டாலே போதும்.

துக்கத்துக்குக் கட்டாயம் நேரில் போக வேண்டும். குரூப்பில் கைகூப்பிய பொம்மைகள் வரிசையாக வந்து விழுவதோடு அது தீர்ந்துவிடாது. தஞ்சாவூரில் இருப்பவருடைய அம்மா தவறியபோது, பக்கத்தில் இருப்பவர்களாவது போகட்டும் என்று திருச்சியில் இருந்த இருவரைக் கேட்டேன். அவர்களில் ஒருவர் வேறு குழு. காலைப் பஸ்ஸில் மாலையோடு போய், காரியம் முடியும்வரை இருந்துவிட்டுத் திரும்பினார்கள். பயணச் செலவைக் குழுக் கணக்கில் எழுதினேன், ஒரு கேள்வியும் வரவில்லை. பதினாறாம் நாள் முடிந்து அவர் லாகின் செய்தபோது அவர் பெயரில் டிக்கெட் ஒன்றும் தேங்கியிருக்கவில்லை. போய் வந்த இருவருமே பிரித்து எடுத்து முடித்திருந்தார்கள், அந்த வேறு குழுக்காரரும் சேர்த்து.