கணுக்காலைப் பிடிக்க ஆள் வேணும்!

கருவடிக்குப்பத்தில் சித்தானந்த சுவாமி கோயில் பக்கம் வசிக்கும் அந்த அப்பாவுக்கு, தமிழ் தலைவாஸ் மேல் பல வருஷக் கோபம். இளவட்டத்தில் ஊர்த் திருவிழா கபடியில் இடது கார்னர் ஆடியவர். அதற்குச் சாட்சியாக மோதிர விரல் இன்றும் கோணலாகத்தான் நிற்கிறது. "பாடிப் போறவனுக்கே கோடி கோடியா கொட்டுறாங்க. பிடிக்க ஆள் எங்கடா?" என்பது ஒவ்வொரு ஏலத்தின்போதும் அவர் கேட்கும் கேள்வி.

கேள்வியில் நியாயம் இருந்தது. 2017-ல் புரோ கபடிக்குள் வந்த தலைவாஸுக்கு அஜய் தாக்கூர்தான் முகம். முதல் இரண்டு சீசனிலும் தன் பிரிவில் கடைசி இடம். 2019-ல் ராகுல் சவுத்ரியை 94 லட்சத்துக்கு எடுத்தார்கள். மஞ்சீத் சில்லர் போன்ற பெரிய தடுப்பாட்டக்காரரும் கூடவே இருந்தார். அப்படியும் 12 அணிகளில் 12-வது! (அமெரிக்கக் கால்பந்தில் கடைசியில் வந்த அணிக்கு டிராஃப்டில் முதல் தேர்வு கொடுப்பார்கள். கபடி ஏலத்தில் அந்தக் கருணையெல்லாம் கிடையாது.)

அதன்பின்தான் பழைய பெயர்களைக் கழற்றிவிட்டு அணியைப் புதிதாகக் கட்டினார்கள். வலது கார்னரில் சாகர் ராத்தி, இடது கார்னரில் சாஹில் குலியா என்று அதிகம் அறியப்படாத பையன்களின் கையில் பிடி ஒப்படைக்கப்பட்டது. கார்னர் வேலை வெளியிலிருந்து பார்க்கச் சாதாரணம். ரெய்டர் போனஸ் கோட்டுக்குக் கால் நீட்டும் அந்த அரை நொடியில் கணுக்காலைக் கவ்வ வேண்டும். ஒரு நொடி முந்தினால் ஏமாந்து வெளியே போகணும். பிந்தினால் புள்ளி போச்சு. களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் அது சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி. தோற்கிற ஆட்டத்தைத் திருப்புவது பெரும்பாலும் இந்தப் பிடிகள்தான்.

2022 ஏலத்தில் ஆசை விடவில்லை. பவன் ஷெராவத்துக்கு 2.26 கோடி, அன்றைக்கு அது சாதனை விலை. அணியின் மொத்த ஏலப் பணமே 4.4 கோடிதான். பாதிக்கும் மேல் ஒரே ஆளுக்கு! முதல் ஆட்டத்திலேயே பவனுக்கு முழங்காலில் அடி. சீசன் முடிந்தது.

அந்த அப்பா அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை என்பது அம்மா தரும் தகவல்.

ஆனால் அணி உடையவில்லை. நடுவில் பயிற்சியாளர் மாறி அஷன் குமார் வந்தார். நரேந்தர் என்ற புதுப் பையன் 243 ரெய்டு புள்ளிகள் எடுத்தான். பின்னால் பிடிக்க ஆள் இருந்ததால்தான் அவனால் பயமில்லாமல் பாடிப் போக முடிந்தது. தலைவாஸ் முதன்முறையாக பிளே-ஆஃப் போனது. உ.பி. யோதாஸுடன் 36-36 என்று சமன், டை பிரேக்கரில் வெற்றி. அரையிறுதியில் புனேரி பல்தானிடம் 37-39. இரண்டே புள்ளி!

பாடம் படித்தார்களா என்றால், 2024-ல் சச்சினுக்கு 2.15 கோடி. அந்த ஏலத்தின் உச்ச விலை அதுதான். அந்த சீசனில் பிளே-ஆஃப் பக்கமே போகவில்லை.

இதெல்லாம் அந்த வீட்டில் வெறும் டி.வி. பேச்சாக இல்லை. ப்ளஸ் ஒன் படிக்கும் பையன், பள்ளி அணியில் ரெய்டர். பயிற்சியாளர் அவனை இடது கார்னருக்கு மாற்றிவிட்டார். மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"கார்னர் ஆடுறவன் பேரு யாருக்குப்பா தெரியும்? ஏலத்துல எவன் என்னை எடுப்பான்?"

அப்பாவிடம் பதில் இல்லை. அவர் பெயரும் கருவடிக்குப்பத்தைத் தாண்டிப் போனதில்லையே!

நாலாம் நாள் சாயங்காலம் பையனே வந்து கையை நீட்டினான்.

"அந்தப் பிடியை ஒருதடவை காட்டுப்பா. விரல் மட்டும் உன்ன மாதிரி ஆகக் கூடாது."

அப்பா பிளாஸ்திரி ரோலைத் தேடி எடுத்து, மோதிர விரலையும் நடுவிரலையும் சேர்த்துச் சுற்றிவிட்டார். மாடிச் சுவரில் பவன் படம் இன்னும் அப்படியே ஒட்டியிருக்கிறது.