ஒரு பல்லைச் சுற்றி

ஜூன் 1, ஞாயிறு

சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை வைத்தியம். பட்டாசு ஆபீஸும் தீப்பெட்டி ஆபீஸும் மூடிக்கிடக்கும் நாள் இதுதான் என்பதால் சிவகாசி பக்கம் திருத்தங்கலில் பல் கிளினிக் வைத்திருக்கும் எனக்கு இன்றைக்குத்தான் கூட்டம் அதிகம்.

காலையில் வந்த அக்காவுக்குப் பட்டாசு ஆபீஸில் வேலை. கீழ்த்தாடையில் வலது கடைவாய்ப் பக்கம் ஈறு வீங்கி, அழுத்தினால் சீழ் வந்தது. "புடுங்கி விட்ருங்க டாக்டரம்மா. நாளைக்கு ஆபீஸ் போகணும்" என்றார். பிடுங்கினால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். காப்பாற்ற நாலைந்து தடவை வரவேண்டும். எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவர்களுக்கு அது பெரிய கணக்கு என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பார்க்காமல் பிடுங்க மனம் வருவதில்லை.

புரோப் என்பது மில்லிமீட்டர் கோடு போட்ட, நுனி மழுங்கிய மெல்லிய கம்பி. அதை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக இறக்கி, ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடத்தில் ஆழம் பார்க்க வேண்டும். 3 வரை இருந்தால் பயமில்லை. அக்காவுக்கு வாய் முழுக்க 2, 3 என்றே வந்தது. முதல் பெரிய கடைவாய்ப்பல்லின் பின்பக்கம் மட்டும் கம்பி 7 வரை இறங்கியது. வெளியே எடுத்ததும் ரத்தம் வந்தது.

எல்லாப் பல்லிலும் ஈறு கெட்டிருந்தால் சர்க்கரை, பீடி, சரியாகப் பல் துலக்காதது என்று தேடலாம். ஒரே இடத்தில் இப்படிக் கம்பி இறங்கும் அளவுக்கு எலும்பு கரைந்திருந்தால் அந்த இடத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தேன், சரியாக இருந்தது. பல்லில் ஐஸ் வைத்தேன். சுரீரென்றது, எடுத்ததும் அடங்கியது. நரம்பு உயிரோடு இருக்கிறது. ஆக, சீழ் வேர் நுனியிலிருந்து வரவில்லை, ஈறுக்கடியில் உண்டான பையிலிருந்து வருகிறது. அரை நிமிடச் சோதனை இது. இதைச் செய்யாததால் தேவையே இல்லாமல் வேர் சிகிச்சை செய்யப்பட்ட பற்களைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

எக்ஸ்ரேயில் காரணம் தெரிந்தது. பின்னால் உள்ள பல்லில் எப்போதோ எங்கோ அடைத்த சிமெண்ட், ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு நீட்டிக்கொண்டிருப்பது மாதிரி இரண்டு பல்லுக்கும் நடுவில் துருத்திக்கொண்டிருக்கிறது. பிரஷ்ஷும் போகாது, நாக்கும் போகாது. அதன் அடியில் காரை படிந்து படிந்து எலும்பு சரிவாகக் கீழே இறங்கிவிட்டது.

பையைக் கழுவிச் சீழை வெளியேற்றினேன். காய்ச்சலோ தாடை வீக்கமோ இல்லாததால் ஆன்டிபயாடிக் எழுதவில்லை. "மாத்திரை கெடயாதா?" என்று நம்பிக்கையில்லாமல் கேட்டார். உப்புப் போட்ட வெந்நீரில் கொப்பளிக்கச் சொல்லி அனுப்பினேன். அடுத்த ஞாயிறு வருவதாகச் சொன்னார்.

ஜூன் 2, திங்கள்

பல்வலி, ஈறு வீக்கம், சீழ். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தீப்பெட்டித் தொழிலாளிக்கு இந்த மூன்றும் மரண பயம். அன்றைய குச்சிகளின் முனையில் இருந்தது வெள்ளை பாஸ்பரஸ். அதன் ஆவியைச் சுவாசித்தவர்களுக்குத் தாடை எலும்பே செத்து, அழுகி, நாற்றமெடுத்தது. 1845இல் வியன்னாவில் லோரின்சர் என்ற மருத்துவர் இதை எழுதிவைத்தார். லண்டன் பிரையன்ட் அண்ட் மே தொழிற்சாலையில் பல்வலி என்று சொன்ன பெண்களுக்குப் பல்லைப் பிடுங்கிக்கொள் அல்லது வேலையை விடு என்பதே பதில். 1888இல் சுமார் 1,400 பெண்களும் சிறுமிகளும் அங்கே வேலைநிறுத்தம் செய்தார்கள். 1906இல் அந்தத் தீக்குச்சிகளைத் தடை செய்யும் பெர்ன் உடன்படிக்கை வந்தது. இந்தியா 1913இல் வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சியைச் சட்டம் போட்டுத் தடுத்தது.

சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கிவைத்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அதைக் கற்கக் கல்கத்தாவுக்குப் போனது 1922இல். சட்டம் அவர்களுக்கு முந்திக்கொண்டது. பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ், குச்சி முனையில் பொட்டாசியம் குளோரேட் என்ற பாதுகாப்புத் தீப்பெட்டியோடுதான் இந்த ஊரில் தொழிலே ஆரம்பித்தது. வெடிவிபத்தில் இத்தனை உயிரைக் கொடுத்த மண்ணுக்கு அந்தத் தாடை நோய் மட்டும் வராமல் போனதை நினைத்தால் ஆறுதலாக இருக்கிறது. சரியான நேரத்தில் போட்ட ஒரு சட்டம் எத்தனை முகங்களைக் காப்பாற்றியிருக்கிறது!

இன்றைக்கும் எலும்புத் தேய்மானத்துக்கும் புற்றுநோய்க்கும் தரும் பிஸ்பாஸ்போனேட் மருந்துகளால் தாடை எலும்பு செத்துப்போவது எப்போதாவது உண்டு. "எலும்புக்கு ஊசி போடுறீங்களா?" என்று கேட்காமல் நான் பல் பிடுங்குவதில்லை.

ஜூன் 8, ஞாயிறு

அக்கா வந்தார், வீக்கம் வற்றியிருந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, துருத்திய சிமெண்டை முழுவதும் எடுத்தேன். க்யூரெட் என்ற சுரண்டும் கருவியை வேர் ஓரமாக இறக்கிச் சுரண்டும்போது கண்ணுக்கு எதுவும் தெரியாது, விரல்தான் பார்க்க வேண்டும். முதலில் சொரசொரப்பு, காரை நறநறவென்று உடையும் சத்தம். பிறகு கண்ணாடி மேல் இழுப்பது மாதிரி வழுக்கல். அந்த வழுக்கல் வரும்வரை விடக் கூடாது. அப்புறம் பல்லைச் சுற்றித் தகடு கட்டி, ஓரம் துருத்தாமல் புதிதாக அடைத்தேன். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் இரண்டு வாரத்துக்கு மட்டும், அதற்கு மேல் போனால் பல்லில் கறை ஏறும். பல்லிடுக்கில் விட்டுத் தேய்க்கும் குட்டி பிரஷ்ஷைக் கையில் கொடுத்து, கண்ணாடி முன்னால் செய்யவைத்துப் பார்த்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

அக்கா தன்னோடு வேலை செய்யும் ஓர் அண்ணனை அழைத்து வந்தார். வெடிமருந்து இருக்கும் இடத்தில் பீடிக்கும் தீப்பெட்டிக்கும் தடை, அது நியாயமும்கூட. அந்தத் தவிப்புக்கு அவர் கண்ட வழி புகையிலை. எட்டு மணி நேரமும் கீழுதட்டின் இடது உட்புறத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறார். சரியாக அந்த இடத்தை ஒட்டிய இரண்டு பல்லில் மட்டும் ஈறு இறங்கி வேர் தெரிகிறது. பக்கத்துப் பற்கள் பத்திரம். எனக்குக் கவலை ஈறு அல்ல. உதட்டின் உட்புறத்தில், புகையிலை உட்காரும் இடத்தில், துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு. இரண்டு வாரம் புகையிலையை அடியோடு நிறுத்திவிட்டு வாருங்கள் அண்ணே என்றேன்.

ஜூலை 6, ஞாயிறு

நிறுத்தியிருக்கிறார், மனைவியும் சாட்சி சொன்னார். திட்டு சுருங்கியிருக்கிறது, மறையவில்லை. சதை எடுத்துப் பார்க்க மதுரைக்குக் கடிதம் கொடுத்தேன். "கேன்சரா?" என்றார். தெரியாது, தெரிந்துகொள்ளத்தான் அனுப்புகிறேன் என்றேன். சமாதானமாகப் பேசி நாளைக் கடத்துவது இந்த நோயில் பாவம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

ஊரில் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பங்கள் இன்று வெளியாகின்றன, அச்சகத்துக்காரர்கள் யாரும் வரவில்லை. அக்காவின் 7 மில்லிமீட்டர் 4ஆகக் குறைந்திருக்கிறது, ரத்தமில்லை. 6லேயே நின்று ரத்தமும் வந்திருந்தால் ஈறைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். இப்போதைக்கு அது வேண்டாம். எலும்பு எவ்வளவு தேறியிருக்கிறது என்பதை டிசம்பரில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம்.

அண்ணனின் ரிப்போர்ட்டும் வந்தது. புற்றுநோய் இல்லை, செல்களில் லேசான மாற்றம் மட்டும். இறங்கிய ஈறு தானாக ஏறாது என்பதை அவரிடம் சொல்லிவிட்டேன். வேர்க் கூச்சத்துக்குப் பேஸ்ட் எழுதினேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த இடத்தை நான் பார்த்தாக வேண்டும். நவம்பரில், தீபாவளி முடிந்து ஆபீஸ் திறப்பதற்குள் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வராவிட்டால் போன் போட அவருடைய மனைவியின் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன்.