பந்து கொடுக்கும் வயது

எங்கள் கச்சிராயபாளையத்துப் பையன்கள் கால்பந்து ஆடினால் எல்லோரும் கோல் அடிக்கத்தான் ஓடுவார்கள். நடுவில் நிற்க ஆளிருக்காது. அவர்களுக்கு நான் சண்முகம் வெங்கடேஷைப் பற்றிச் சொல்வதுண்டு.

பெங்களூருக்காரர். இந்திய அணியின் நடுக்கள ஆட்டக்காரர். ஆடி ஓய்ந்தபின் பயிற்சியாளரானார். 2019 ஆசியக் கோப்பையில் நாம் தாய்லாந்தை 4-1 என வென்றபோது துணைப் பயிற்சியாளர் அவர்தான். பிறகு, இளைஞர்கள் மட்டுமே ஆடிய இந்தியன் ஆரோஸ் அணிக்குப் பயிற்சி தந்தார். அந்த அணி அடிக்கடி தோற்றது. ஆனால் அங்கே தேறியவர்கள் பெரிய அணிகளுக்குப் போனார்கள்.

பணி ஓய்வுக்குப் பின், இனி நம்மால் யாருக்கு என்ன பயன் என்று சில மாதங்கள் சோர்ந்திருந்தேன். இப்போது மாலையில் தெருப் பிள்ளைகள் இருவருக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். கோல் அடிக்கும் வயது போனாலென்ன? பந்து கொடுக்கும் வயது இன்னும் இருக்கிறதே!