மேல்தட்டிலே பனி, கீழ்த்தட்டிலே வெப்பம்!

1842-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையிலே ஒரு கட்டடம் எழுந்தது. அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரிலிருந்து கப்பலேறி வந்த பனிக்கட்டிகளைக் காத்து வைக்க அமைந்த மாளிகை அது. ஐஸ் ஹவுஸ் என்று ஊரார் அழைத்தனர். அந்நாளில் குளிர் என்பது துரைமார்களின் கோப்பையிலே மிதந்த பொருள். உழைத்துக் களைத்தவன் நாவுக்கு எட்டாத பொருள். இன்றோ, மாதத் தவணை கட்டும் ஆசிரியர் வீட்டுச் சமையலறையிலும் அது குடிபுகுந்துவிட்டது. விஞ்ஞானம் தந்த வெற்றி இது, வரவேற்கிறோம்! ஆனால், விலை கொடுத்து வாங்கிய பெட்டி குளிர மறுத்தால்?

நாம் வாங்கிய குளிர்பெட்டிக்கு ஓராண்டு நிரம்பவில்லை. பதினோராம் மாதத்திலேயே பால் திரிந்தது, மாவு பொங்கி வழிந்தது, கீரை வாடியது. மேலறையில் கை வைத்தால் மார்கழி. கீழறையில் கை வைத்தால் சித்திரை!

பால் திரிந்தால் கொட்டிவிடலாம். நம் அன்னையாரோ நீரிழிவு நோயால் வருந்துபவர். அவருடைய இன்சுலின் குப்பிகள் கீழறையிலேதான் இருந்தன. திறவாத குப்பியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வைத்திருக்க வேண்டும். வெப்பம் மிகுந்தால் வீரியம் குன்றும். மேலறைக்கு மாற்றினால் உறைந்து கெடும். மருந்து வீரியம் இழந்ததைக் கண் காட்டிக் கொடுக்காது. குருதியிலே சர்க்கரை ஏறிய பிறகே தெரியும். பக்கத்து வீட்டாரிடம் சென்று, அவர்கள் பெட்டியிலே ஓரிடம் கேட்டோம். அன்புடன் தந்தார்கள்.

புகாரைப் பதிவு செய்தோம். பழுது பார்ப்பவர் வந்தார்; பெட்டியைப் பார்த்தார்; பிறகு அன்னையாரைப் பார்த்தார். "அம்மா, கதவை அடிக்கடித் திறக்கிறீர்கள், பொருளை அடைத்து வைக்கிறீர்கள். பெட்டி என்ன செய்யும்?" என்றார். தீர்ப்பு முடிந்தது, விசாரணை இல்லாமலே! அன்னையாரும் தலைகுனிந்தார். சோறு குழைந்தாலும், பிள்ளை தேர்வில் தவறினாலும், இயந்திரம் பழுதானாலும் பழி பெண்ணின் மீதே விழும் நாட்டிலே, அவருக்கு அது புதிதா என்ன?

நாம் ஒரு சோதனை செய்தோம். குவளை நீரைக் கீழறையில் வைத்து, இரவு முழுதும் கதவைத் தொடவில்லை. விடிந்ததும் வெப்பமானியை அந்நீரில் இட்டோம்: 15 டிகிரி! இரவெல்லாம் திறவாத கதவு, எவர் திறந்ததால் கெட்டது? தேதியோடு குறித்துக்கொண்டோம்.

பனி படியாத வகைப் பெட்டியின் அமைப்பு எளியது. மேலறைக்குப் பின்னே குளிர்ச்சுருள் ஒன்று. அதன் குளிர்காற்றை விசிறி ஒன்று தள்ள, ஒரு பங்கு மேலறைக்கும், மறு பங்கு குழாய் வழியே கீழறைக்கும் செல்லும். சுருளின் மீது ஈரம் உறையும். அதை அவ்வப்போது உருக்க ஒரு சிறு மின்சூடேற்றி உண்டு. அது செத்தால் பனி வளர்ந்து சுவராகும். காற்றின் வழி அடைபடும். மேலே இருப்பது சில நாள் குளிரும். கீழே இருப்பது முதலில் கெடும்.

பெட்டியின் கதவிலே "கம்ப்ரசருக்குப் பத்தாண்டு உத்தரவாதம்" என்று பளபளக்கிறது. ஏனைய உறுப்புகளுக்கு ஓராண்டே என்பது அட்டைக்குள்ளே சிற்றெழுத்தில் ஒளிந்திருக்கிறது! மறுமுறை வந்தவர் பின்பலகையைக் கழற்றினார், பனிச்சுவர் தெரிந்தது, சூடேற்றி செத்திருந்தது. "ஆண்டு முடிந்துவிட்டது, பணம் கட்டுங்கள்" என்றார். பதினோராம் மாதத்துப் புகார் எண்ணை எடுத்து நீட்டினோம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிட்டோம். பணம் கேட்காமலே புதிய சூடேற்றி பொருத்தப்பட்டது. கீழறை 4 டிகிரிக்கு இறங்கியது. குப்பிகள் வீடு திரும்பின.

தோழர்களே! 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 சூலையில் நடைமுறைக்கு வந்தது. குறை தோன்றிய இரண்டாண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். ஐந்து லட்ச ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இன்றித் தாமே வாதாடலாம். ஆயினும் சட்டம் ஏட்டிலே இருந்தால் போதுமா? விலைச்சீட்டு நம் கையிலே இருக்க வேண்டும். புகார் எண் நம் குறிப்பிலே இருக்க வேண்டும். ஏன் என்ற கேள்வி நம் நாவிலே இருக்க வேண்டும்!

மேலே நிறைந்தால் கீழே தானாக வந்து சேரும் என்று செல்வத்தைப் பற்றியும் கல்வியைப் பற்றியும் சொல்வோர் உண்டு. பெட்டி கற்பித்த பாடம் வேறு. குளிர் குறைவின்றிப் பிறந்துகொண்டேதான் இருந்தது. இடையிலே உறைந்து நின்ற சுவர்தான் அதைக் கீழே விடவில்லை. சுவரை உருக்காமல், கீழே வாடுவோரைப் பார்த்து, "கதவைத் திறந்தது நீங்கள்தான்" என்று கூறுவது எளிது. உருக்கும் வேலையோ, கேள்வி கேட்பவரிடமிருந்தே தொடங்குகிறது.