முகவரி சொல்வதும் திரை காட்டுவதும்

குழுப்பணிக்காக ஒரு மாணவி நூலகம் ஒன்றின் இணையச் செயலியில் நூல் தேடினாள். மொழியைத் தேர்ந்தெடுத்து, தலைப்பைத் தட்டச்சு செய்து, பட்டியலின் நான்காம் பக்கத்தில் வேண்டிய நூலைக் கண்டுபிடித்தாள். உடனே உலாவியின் மேற்பகுதியில் இருந்த முகவரியைப் படியெடுத்துத் தோழிக்கு அனுப்பினாள். தோழி திறந்தபோது செயலியின் முகப்புப் பக்கம்தான் வந்தது. “நீ தவறான முகவரியை அனுப்பிவிட்டாய்,” என்றாள் தோழி. “நீதான் சரியாகப் பார்க்கவில்லை,” என்றாள் இவள். பட்டியலை மீண்டும் பார்க்கலாம் என்று ‘பின்செல்’ பொத்தானை அழுத்தினாள். செயலியே திரையிலிருந்து மறைந்துவிட்டது. அரை மணி நேரத் தேடல் வீணானது. இருவருக்கும் மனக்கசப்பும் மிஞ்சியது.

உண்மையில் தவறு இருவரிடமும் இல்லை. பெருவிரைவு ரயில் ஒரு நிலையத்தில் நிற்கும்போது, உள்ளே இருக்கும் அறிவிப்புத் திரை வேறொரு நிலையத்தின் பெயரைக் காட்டினால் பயணி என்ன செய்வார்? அந்த மாணவியின் நிலையும் அதுதான். அவள் பார்த்துக்கொண்டிருந்தது நான்காம் பக்கம். முகவரி சொன்னதோ முகப்புப் பக்கம்.

இணையத்தின் தொடக்கக் காலத்தில் இந்தச் சிக்கல் பெரிதாக எழவில்லை. டிம் பெர்னர்ஸ்-லீ 1989ஆம் ஆண்டில் உலகளாவிய வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். அந்த வலையில் ஒவ்வோர் ஆவணத்திற்கும் ஒரு முகவரி உண்டு. ஓர் இணைப்பைச் சொடுக்கினால் புதிய பக்கம் வரும். முகவரியும் உடன் மாறும். நிழல் உருவத்தைத் தொடர்வதுபோல் முகவரி பக்கத்தைத் தொடர்ந்தது.

பின்னர் இணையப் பக்கங்களே செயலிகளாக வளர்ந்தன. 2004இல் ஜிமெயிலும் 2005இல் கூகல் மேப்சும் வெளிவந்தன. இத்தகைய செயலிகளில் முழுப் பக்கமும் மீண்டும் இறங்குவதில்லை. தேவையான பகுதி மட்டும் மாறும். வேகம் கூடியது. ஆனால் முகவரி பின்தங்கியது. தொடக்கக் காலக் கூகல் மேப்சில் வரைபடத்தை எங்கு நகர்த்தினாலும் மேலே இருந்த முகவரி அப்படியே நின்றது. பார்க்கும் இடத்தைப் பிறருக்கு அனுப்ப விரும்பியவர், அதற்கென்று தரப்பட்ட தனி இணைப்பைச் சொடுக்க வேண்டியிருந்தது.

நிரலாளர்கள் முதலில் ஓர் உத்தியைக் கையாண்டனர். முகவரியின் இறுதியில் ‘#’ என்ற குறியை இட்டு, அதன்பின் வரும் பகுதியை மட்டும் மாற்றினர். அப்பகுதி மாறினால் உலாவி பக்கத்தை மீண்டும் இறக்காது. பிறகு எச்டிஎம்எல் 5 இதற்கென்றே ஒரு வசதியைத் தந்தது. பக்கத்தை இறக்காமலேயே முகவரியில் தளத்தின் பெயருக்குப் பின்வரும் பகுதியை மாற்றலாம். பயனாளர் ‘பின்செல்’ பொத்தானை அழுத்தும்போது அதைச் செயலி அறிந்துகொள்ளலாம்.

இதற்கிடையில் செயலிகளின் உள்ளமைப்பும் மாறியது. திரையில் காணும் அனைத்துக்கும் அடிப்படையான விவரங்களை ஒரே இடத்தில் வைக்கும் முறை பரவியது. இதையே ‘மைய நிலை’ என்பர். 2015இல் வெளிவந்த ‘ரிடக்ஸ்’ என்னும் நிரல் நூலகம் இம்முறைக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. உண்மை ஓரிடத்தில் இருந்தால் குழப்பம் குறையும் என்பதே இதன் நோக்கம். ஆனால், ‘எந்தப் பக்கம்?’ என்ற விவரம் மட்டும் உலாவியின் கையிலும் இருந்தது. மைய நிலையும் அதை வைத்துக்கொண்டால் ஒரே செய்திக்கு இரண்டு பதிவேடுகள் ஆகிவிடும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்ற நிலைதான்.

இரண்டு பதிவேடுகளையும் ஒன்றையொன்று பார்த்துத் திருத்திக்கொள்ளச் செய்யலாம். அதிலும் ஓர் ஆபத்து உண்டு. மைய நிலை மாறியதும் முகவரி மாறும். முகவரி மாறியதும் மைய நிலையை மாற்றச் சொல்லும். கவனமின்றி எழுதினால் இது முடிவில்லாச் சுழலாகிவிடும். ஆகவே, மாற்றுவதற்கு முன் இரண்டும் ஏற்கெனவே ஒன்றாக உள்ளனவா என்று செயலி சரிபார்க்க வேண்டும். இதைவிட எளிய வழியும் உண்டு. பக்கம் பற்றிய உண்மையை முகவரியிடமே விட்டுவிட்டு, தேவைப்படும்போது செயலி அதைப் படித்துக்கொள்ளலாம்.

அப்படியானால் எதை முகவரியில் வைப்பது? பிறருக்கு அனுப்பக்கூடியதும், பக்கத்தைப் புதுப்பித்தாலும் நிலைக்க வேண்டியதும் முகவரியில் இருக்கலாம். தேடிய சொல், தேர்ந்தெடுத்த மொழி, பக்க எண் ஆகியவை அத்தகையவை. பாதி எழுதிய கடிதமும் திறந்திருக்கும் சிறு பட்டியலும் மைய நிலையிலேயே இருக்கட்டும். கடவுச்சொல்லை ஒருபோதும் முகவரியில் எழுதக்கூடாது. மேலும், தேடல் கட்டத்தில் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் தனிப் பக்கமாகப் பதிவு செய்தால், ‘திருக்குறள்’ என்று தேடியவர் முந்தைய பக்கத்திற்குத் திரும்பப் பலமுறை ‘பின்செல்’ பொத்தானை அழுத்த நேரிடும். அங்கே புதிய பதிவைச் சேர்க்காமல், இருக்கும் பதிவை மாற்றுவதே முறை.

இவை கண்ணுக்குத் தெரியாத சிறு வேலைகள். சரியாகச் செய்தால் எவரும் கவனிப்பதில்லை. தவறினால் பயனாளர் தம்மையே நொந்துகொள்கிறார், அல்லது அருகில் இருப்பவரைக் குறை சொல்கிறார். முகவரி என்பது செயலி தரும் வாக்கு. ‘இங்கே மீண்டும் வரலாம், பிறரையும் அழைத்து வரலாம்’ என்பதே அதன் பொருள். அந்த நூலகச் செயலி தன் வாக்கைக் காப்பாற்றியிருந்தால், இரு தோழிகளும் அன்று மாலை ஒரே நூலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள்.