பேசாத நடுப்பெட்டி

இவ்வாண்டு ஒரு மாலையில், நம் பள்ளி மண்டபத்தில் கணினி வழியாகக் காட்டு விலங்குகளைப் பற்றிய படம் ஒன்றைத் திரையிட்டோம். வேலை முடிந்து களைப்புடன் வந்த பெற்றோர் பாயில் அமர்ந்திருந்தனர். மழை பொழிந்தது, முதுகுக்குப் பின்னால் பறவைகள் கூவின. விளக்கம் கூறுபவரின் குரலை மட்டும் காணோம்!

படத்தில்தான் பழுது என்று முடிவு கட்டினேன். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி அருகில் வந்து, "ஐயா, நடுப்பெட்டி..." என்று தொடங்கியவுடனே, "போய் உட்கார்!" என அதட்டிவிட்டேன். பெற்றோர் காத்திருந்து பார்த்து, ஒவ்வொருவராக எழுந்து சென்றனர்.

மறுநாள் அவளை அழைத்தேன். ஆறு ஒலிபெருக்கிகள் கொண்ட அமைப்பில் பேச்சொலி பெரும்பாலும் நடுப்பெட்டிக்கே செல்லும். கணினியின் ஒலி அமைப்புப் பகுதியில் ஒவ்வொரு பெட்டிக்கும் சோதனை ஒலி அனுப்பினோம். நான்கு ஒலித்தன, நடுப்பெட்டியும் தாழொலிப் பெட்டியும் ஊமையாயின. "இரண்டும் ஒரே நாளிலா கெடும், ஐயா?" என்றாள். அவ்விரண்டிற்கும் கம்பி ஒன்றே. அதன் முனை ஆரஞ்சு நிறம். கணினியின் பின்புறம் கைவிளக்கடித்துப் பார்த்தோம். அம்முனை, ஒலிவாங்கிக்குரிய இளஞ்சிவப்புத் துளையில் செருகப்பட்டிருந்தது. செருகியவன் நானே! (மூக்குக் கண்ணாடியைக் குறை கூறிப் பயனில்லை.)

அமைப்பை இரண்டு பெட்டிகள் என மாற்றியிருந்தாலும், அப்பேச்சு பெரும்பாலும் முன்பெட்டிகளில் கலந்து வந்திருக்கும். அன்று அதையும் நான் அறியேன்.

திங்கட்கிழமை சபைக்கூடலில், எல்லார் முன்னிலையிலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். படத்தை மறுபடி காட்டியபோது கம்பிகளைச் செருகியவள் அவளே. பெற்றோர் பலர் மீண்டும் வந்திருந்தனர். மழையின் ஊடே குரல் தெளிவாகக் கேட்டது.